பிரிக்பீல்ட்ஸில் பூக்காத பூ

வீரம்மா பொய் சொல்லுகிற ரகம் இல்லை. அவளுடைய அம்மா வழியில் யாருமே அப்படிக் கிடையாது. அவள் சித்தி சீதாலெட்சுமியை எடுத்துக்கொள்ளுங்கள். மீன்காரன் மறதியில் ஒரு மீனை அதிகமாகப் போட்டுவிட்டால், அவன் வண்டி தெருமுனை தாண்டுவதற்குள் ஓடிப்போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் அடுப்பு பற்ற வைப்பாள். அந்த ரத்தம்தான் வீரம்மாவும். ஆனால் அவள் ஒரே ஒரு பொய் சொன்னாள். எண்பத்தொன்பதாம் ஆண்டில் சொன்னது. அது ஓர் அட்டையில் ஏறி, இரும்பு அலமாரிக்குள் போய், பிறகு கம்ப்யூட்டருக்குள்ளும் போய், முப்பத்து நான்கு வருஷம் உண்மையாகவே வாழ்ந்தது.

கிள்ளான் பக்கத்து மேரு ஊருக்கு அந்தப் பக்கம், இப்போது வரிசையாகத் தொழிற்சாலைகள் நிற்கிற இடத்தில், முன்பு ரப்பர் தோட்டம் இருந்தது. பிறகு அது எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஆனது. அங்கே தொழிலாளர் வரிசை வீடுகளை லயம் என்பார்கள். இரண்டாவது லயத்துக் கடைசி வீட்டுப் பெருமாளின் மூன்றாவது மகள் வீரம்மா. அவளைக் கட்டிய கமலநாதன் நாலாவது லயம். முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு லாலான் புல்லுக்கு மருந்து அடிக்கிற வேலை அவருக்கு. அதிகம் பேசமாட்டார். அவருடைய அப்பாவும் அப்படித்தான். மூன்று நாளைக்கு ஒரு வாக்கியம் என்று லயத்தில் கேலி பேசுவார்கள்.

கல்யாணமாகி இரண்டாம் வருஷம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பதினாறாம் நாள் தொட்டில் போட்டுப் புனிதா என்று பேர் வைத்தார்கள். பத்தொன்பதாம் நாள் விடிகாலையில் பால் குடிக்கவில்லை. கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு லோரியில் கொண்டு போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

கமலநாதனும் அவர் அண்ணனும் குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் லயத்து முனையோடு நின்றுவிட்டார்கள். அது வழக்கம். பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. பெற்றவளாக இருந்தாலும் போவதில்லை. திரும்பி வந்த கமலநாதன் வாசல் தண்ணீர்க் குழாயில் தலையோடு குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைத்தார். எந்த இடம் என்று வீரம்மா கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அன்றைக்கு மூடிய வாய் இருவருக்கும் அப்படியே மூடிப்போனது.

அதற்குப் பிறகு வீரம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். கண்ணெதிரே கிடந்து காயவேண்டாம் என்று சித்தி சீதாலெட்சுமி வந்து, பட்டணத்தில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சித்தப்பா ரயில்வேயில் இருந்தார். அவருக்குத் தெரிந்த ஒருவர் மூலமாக ஒரு பல்கலைக்கழகத்தில் கூட்டிப் பெருக்குகிற வேலை கிடைத்தது. வாரம் முழுக்க பிரிக்பீல்ட்ஸ், சனி ஞாயிறு தோட்டம் என்று ஆனது.

அவள் கூட்டிய இடம், செடிகளைக் காயவைத்துப் பாதுகாக்கிற பகுதி. ஹெர்பேரியம் என்று பலகையில் எழுதியிருந்தது. வீரம்மா அதைச் செடி ஆபீஸ் என்றுதான் கடைசிவரை சொன்னாள். காட்டிலிருந்தும் மலையிலிருந்தும் பிடுங்கி வந்த செடியை வேரோடு பழைய பேப்பருக்குள் வைத்து அழுத்தி, சூட்டில் காயவைத்து, வெள்ளை அட்டையில் ஒட்டி, மூலையில் சீட்டு ஒட்டுவார்கள். என்ன செடி, யார் எடுத்தது, எந்த இடம், எந்தத் தேதி என்று அந்தச் சீட்டில் இருக்கும். உதிர்ந்த விதையையும் இலையையும் சின்னக் காகித உறைக்குள் போட்டு அதே அட்டையில் ஒட்டிவிடுவார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய செடிகூட அங்கே அப்படியே இருந்தது. அவளுக்குக் கை நிதானம் இருப்பதைப் பார்த்து, ஆறே மாதத்தில் விளக்குமாற்றை வாங்கி வைத்துவிட்டுப் பசையைக் கையில் கொடுத்தார்கள்.

கொடுத்தவர் டாக்டர் குணேஸ்வரி. யாழ்ப்பாணக் குடும்பம். அவருடைய தகப்பனார் வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வேயில் கிளார்க்காக வந்தவர். அந்த அம்மா கல்யாணம் கட்டவில்லை. செடியைத்தான் கட்டிக்கொண்டார் என்று ஆபீஸில் சிரிப்பார்கள். அவருக்கு ஒரு சட்டம் உண்டு. இடம் எழுதாத செடி, எவ்வளவு அழகாக இருந்தாலும் குப்பைக்குத்தான் போகும்.

அடுத்த தை மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், தோட்டம் சாப்பிட்டுப் படுத்திருந்த நேரத்தில், விறகு பொறுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வீரம்மா இடுகாட்டுக்குப் போனாள். பிள்ளைகளைப் புதைப்பது வேலியோரத்து ரம்புத்தான் மரத்தடியில் என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே அந்த வருஷத்து மேடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் மேல் ஒரு செடி பூத்திருந்தது. முழங்கால் உயரம், சொரசொரப்பான இலை, பூவின் நடுவில் மஞ்சள் பொட்டு, சுற்றிலும் ஊதா நிறத்தில் மெல்லிய இதழ்கள். பார்த்தால் செவ்வந்திக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. தோட்டத்தில் அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

இடுகாட்டிலிருந்து எதையும் கொண்டுவரக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். ஒரு புல்லைக்கூடத் தொடக்கூடாது. ஆனாலும் ஒரு செடியை வேரோடு பிடுங்கி, முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தாள். திங்கட்கிழமை ஆபீஸில் பேப்பருக்குள் வைத்து அழுத்தி, ஒட்ட வேண்டிய செடிகளுக்கு நடுவே செருகிவிட்டாள். அட்டையில் ஏறிவிட்டால் நூறு வருஷம் இருக்கும், யாருக்கும் தெரியாது என்பதுதான் அவள் கணக்கு.

டாக்டர் குணேஸ்வரி கண்ணில் பட்டுவிட்டது. அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டுப் பார்த்தார். காட்டு ஆஸ்டர் என்றார். மேலே மலைப் பக்கத்தில்தான் இதன் உறவுகள் இருக்கும், கீழே சமவெளியில் தான் பார்த்ததே இல்லை என்றார். பிறகு சீட்டு எங்கே என்று தேடினார்.

"பிள்ளை, இது எங்க புடுங்கினது? இடம் சொல்லாட்டி இதை வைக்கேலாது."

வீரம்மா யோசித்தாள். இடுகாடு என்று சொன்னால் அங்கே ஏன் போனாய் என்று கேட்பார்கள். அந்த அம்மா சித்தி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறவர். சித்தி காதுக்குப் போனால் மாமியார் காதுக்குப் போகும், பிறகு புருஷன் காதுக்குப் போகும். சொல்லாவிட்டால் செடி குப்பைக்குப் போகும். அதைக் குப்பையில் போடுவதை அவளால் நினைக்கக்கூட முடியவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் ரயில் பாதை ஓரம் என்று சொல்லிவிட்டாள். குவார்ட்டர்ஸ் பின்னால், சாக்கடைப் பக்கம்.

டாக்டர் எழுதிக்கொண்டார். வேர் மண்ணைத் தட்டிவிட்டு ஒட்டச் சொன்னார். வீரம்மா மண்ணைத் தட்டினாள். தட்டிய மண்ணைக் குப்பைக்கூடைக்குக் கொண்டு போக மனம் வரவில்லை. உதிர்ந்த விதைகளோடு சேர்த்து அந்தக் காகித உறைக்குள் போட்டு மடித்து ஒட்டிவிட்டாள்.

அதோடு முடியவில்லை. அடுத்த மாதம் டாக்டர் குடையை எடுத்துக்கொண்டு, இன்னும் அந்தச் செடி இருக்கிறதா பார்ப்போம் வா என்று கிளம்பிவிட்டார். உச்சி வெயிலில் அந்த அம்மா தண்டவாளத்து ஓரமாகக் குனிந்து குனிந்து தேட, அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்தவள் பின்னாலேயே நடந்தாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. டாக்டரம்மா ரயிலுக்கு முன்னால் பூப்பறிக்கப் போகிறார் என்று ஆபீஸில் கிண்டல். ஒவ்வொரு தடவையும் வீரம்மாவுக்குச் சொல்லிவிடலாம் என்று வரும், ஆனால் அவளும் கூடக் குனிந்து தேடுவாள். அந்தப் பக்கம் கல்லும் மண்ணும் கொட்டாதீர்கள் என்று ரயில்வேக்கு அந்த அம்மா ஒரு கடிதம்கூடப் போட்டார்.

வருஷங்கள் போயின. தோட்டத்தை மூடினார்கள். கமலநாதனும் வீரம்மாவும் கம்போங் மேடானில் ஒரு பிளாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பிறகு பிள்ளை தங்கவே இல்லை. பிரிக்பீல்ட்ஸில் குவார்ட்டர்ஸை இடித்து, கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பின. டாக்டர் குணேஸ்வரி ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம், அந்த அட்டையை எடுத்து வரச்சொல்லி, பென்சிலால் கீழே ஒரு வரி எழுதினார். தேடியும் கிடைக்கவில்லை, இடம் அழிந்துவிட்டது. இரண்டாயிரத்துப் பதினொன்றில் அந்த அம்மா இறந்துபோனார். அழாதவர்கள்கூட அழுதார்கள். வீரம்மாவுக்குத்தான் அழுகை வரவில்லை.

செடி மட்டும் மேருவில் வருஷா வருஷம் பூத்தது. தைப்பூசம் கழிந்து ஏதாவது ஒரு நாள், பழைய சிநேகிதியைப் பார்க்கப் போகிறேன் என்று வீரம்மா கொம்யூட்டர் என்கிற புறநகர் ரயில் ஏறிக் கிள்ளான் போய், அங்கிருந்து பஸ் பிடித்துப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவாள். சுற்றிலும் லாலான் இடுப்பளவு நிற்கும். ரம்புத்தான் மரத்தடியில் மட்டும் புல் ஏறாமல், அந்தச் செடி நன்றாக இருக்கும். எப்படி என்று அவள் யோசித்ததில்லை. தெய்வம் பார்த்துக்கொள்கிறது என்று விட்டுவிட்டாள்.

அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மூன்றாம் வருஷம், தை மாதத்தில் அறிவிப்பு வந்தது. பழைய தோட்டத்து ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். நிலம் கைமாறிவிட்டது, இடுகாட்டையும் சமப்படுத்தப் போகிறார்கள். கல்லும் பேரும் இருக்கிற குழிகளைக் கிள்ளான் பக்கம் பொது இடுகாட்டுக்கு மாற்றித் தருவார்கள். மற்றவை அப்படியே மண்ணோடு போகும். மாதக் கடைசி வரை தவணை.

பத்தொன்பது நாள் பிள்ளைக்கு யார் கல் வைத்தார்கள்? வீரம்மா இரண்டு நாள் சமைக்கவில்லை. கமலநாதன், கோயில் கமிட்டிக்கு ஒத்தாசையாகக் குழிகளை எண்ணப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, பரண் மேல் கிடந்த மருந்துத் தொட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டு திங்கட்கிழமை கிளம்பினார். படுத்துக் கிடந்த வீரம்மா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள்தான் அவளுக்கு அட்டையின் ஞாபகம் வந்தது. அந்தப் பூ வேறெங்கும் இல்லாத பூ. அது அங்கே இருக்கிறது என்று தெரிந்தால், பிள்ளைக்காக நிறுத்தாதவர்கள் பூவுக்காக நிறுத்துவார்களோ என்னவோ. குளித்து, புடவை மாற்றி, செடி ஆபீஸுக்குப் போனாள்.

அங்கே இப்போது ஷாமினி இருக்கிறாள். சாலாக் செலாத்தான் பக்கத்துப் பிள்ளை, வேலைக்குச் சேர்ந்த புதிதில் பசை தடவ வீரம்மாவிடம் கற்றுக்கொண்டவள். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். வரைபடத்தில் பிரிக்பீல்ட்ஸ் மேல் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது.

"ஆன்டி, ரெக்கார்ட்ல பிரிக்பீல்ட்ஸ்னுதான் இருக்கு. டாக்டர் மூணு தடவ போய்த் தேடியிருக்காங்க லா."

"அது பிரிக்பீல்ட்ஸ்ல பூத்ததே இல்லம்மா," என்றாள் வீரம்மா. "எம்பிள்ள மேல பூத்துச்சு."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். முப்பத்து நான்கு வருஷத்தையும் ஒரே மூச்சில் சொன்னாள். ஷாமினி கடைசியில், நிறுத்த முடியுமா என்று தெரியாது, ஆனால் கடிதம் போடலாம், பேப்பரிலும் போடச் சொல்லலாம் என்றாள். அதற்குச் செடி வேண்டும். வேரும் பூவுமாக, நிற்கிற இடத்துப் படத்தோடு வேண்டும். வாய் வார்த்தை போதாது. வெள்ளிக்கிழமைவரை மீட்டிங், சனிக்கிழமை காலையில் காரில் போகலாம் என்றாள்.

கமலநாதனிடம் இதைச் சொல்லவேண்டும் என்று வீரம்மாவுக்குத் தோன்றாமல் இல்லை. புதன், வியாழன், வெள்ளி என்று மூன்று ராத்திரி பக்கத்தில் படுத்திருந்தார். சொன்னால் இடுகாட்டுக்குப் போனதையும் சொல்லவேண்டும். போய்ச் செடியை எடுத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை அவர்கள் போய் இறங்கும்போது தூரத்திலேயே புகை தெரிந்தது.

இடுகாடு முழுக்க வழித்துவிட்டது மாதிரி இருந்தது. லாலான் ஒரு தாள் இல்லை. குழிகள் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. ரம்புத்தான் மரத்தடியில் காய்ந்த செத்தையைக் குவித்துக் கொளுத்திவிட்டு, கமலநாதன் மண்டியிட்டு உட்கார்ந்து, சிமெண்டு பூசிய ஒரு சின்னக் கல்லை நட்டுக்கொண்டிருந்தார். ஈர சிமெண்டில் ஆணியால் எழுதியிருந்தது. புனிதா.

அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"பொம்பளைங்க வர்ற எடமா இது? நீ ஏன் வந்த?"

வீரம்மா புகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுத்தமா இருந்தாதான எண்ணுவாங்க," என்றார் அவர். "கல்லு வச்சாதான மாத்துவாங்க. திங்கக்கெழம மருந்து அடிச்சேன். எடம் எனக்குத் தெரியும். நாந்தான தோண்டுனேன்."

"இங்க ஒரு பூ இருந்துச்சே."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். இவளுக்கு எப்படித் தெரியும் என்பது அவருக்குப் புரிய ரொம்ப நேரம் ஆகவில்லை. அதன் பிறகு அவர் பேசியது, ஆளைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள், அவ்வளவு பேச்சு.

"இருந்துச்சு. வருசா வருசம் தீவாளி முடிஞ்சி, கூலிக்கு மருந்து அடிக்கப் போறேன்னு ஒங்கிட்ட சொல்லிட்டு இங்க வந்து அடிப்பேன். அத மட்டும் விட்டுட்டுத்தான் அடிப்பேன். அது பாட்டுக்குப் பூத்துக் கெடக்கட்டும்னு. சுத்தி வர கையாலதான் புல்லு புடுங்குவேன். இந்தத் தடவதான், செடி மறைச்சா மேடு தெரியாதேன்னு..."

தொட்டியின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஷாமினி சாம்பலைக் கிளறிப் பார்த்தாள். வேலியோரம், பள்ளம், மரத்துக்கு அந்தப் பக்கம் எல்லாம் நடந்து பார்த்தாள். கமலநாதன் வேலையில் குறை வைக்கிற ஆள் இல்லை. கருகிய தண்டு இரண்டு கிடைத்தது. தொட்டதும் பொடிந்தது. பூ இல்லாமல் இது என்ன செடி என்று சொல்லவே முடியாது என்று மெதுவாகச் சொன்னாள்.

சரி, கல்லாவது நிற்கட்டும் என்று இருந்தார்கள். அதுவும் நிற்கவில்லை. அறிவிப்புக்குப் பிறகு வைத்த கல்லைக் கணக்கில் எடுக்கமாட்டோம் என்று கமிட்டிக்கு மேலே இருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். பழைய புகைப்படம் கேட்டார்கள். புகைப்படம் எங்கே இருக்கும்? கமலநாதன் இரண்டு நாள் அவர்கள் ஆபீஸ் வாசலில் போய் நின்றார். தானே தோண்டி எடுத்துக்கொள்கிறேன், ஒரு பிடி மண்ணாவது எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டதற்கு, அனுமதி வரட்டும், மாதக் கடைசிவரை நாள் இருக்கிறதே என்றார்கள். மாதக் கடைசிக்கு ஒன்பது நாள் இருக்கும்போதே புல்டோசர் வந்துவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் யாரோ படம் போட்டிருந்தார்கள். ரம்புத்தான் மரம் எந்தப் பக்கம் இருந்தது என்றுகூடப் படத்தில் தெரியவில்லை.

ஷாமினி ஒரு காரியம் செய்தாள். அட்டையில் இருந்த உறையைத் திறந்து, அதிலிருந்த விதைகளில் பாதியை எடுத்து ஈரத்துணியில் முளைக்கப் போட்டாள். நாற்பது நாள் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் கண் திறக்கவில்லை. இத்தனை வருஷத்து விதைக்கு உயிர் இருக்காது என்று அவளுக்கு முதலிலேயே தெரியும். இருந்தாலும் போட்டாள்.

அப்புறம் வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று இருவரையும் கூப்பிட்டாள். கமலநாதன் அந்தக் கட்டடத்துக்கு அதற்கு முன் வந்ததே இல்லை. மனைவி முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த இடத்தை அன்றைக்குத்தான் பார்த்தார். ஷாமினி அட்டையை மேஜை மேல் வைத்தாள். பழைய சீட்டுக்குப் பக்கத்தில் புதிய சீட்டு ஒன்று ஒட்டியிருந்தாள். அதைத் தமிழில் படித்துச் சொன்னாள். இடம் திருத்தப்பட்டது: மேரு, பழைய தோட்டத்து இடுகாடு. எடுத்தவர்: வீரம்மா. இப்போது அந்த இடத்தில் இல்லை. கம்ப்யூட்டரிலும் காட்டினாள். பிரிக்பீல்ட்ஸில் இருந்த புள்ளி மேருவுக்குப் போனது. போனதும் சிவப்பு மாறிக் கறுப்பானது. இனி இல்லாத இடத்துக்குக் கறுப்பு வைப்பது அங்கே வழக்கம்.

பூ ஊதா நிறம் போய்ப் பழுப்பாக இருந்தது. வேர் பரப்பியபடி இருந்தது. வீரம்மா அந்தக் காகித உறையைத் தொட்டுக் காட்டினாள்.

"மண்ணு இருக்குங்க. தட்டிப் போட மனசு வரல."

ஷாமினி உறையைப் பிரித்துப் பிடித்தாள். மிஞ்சிய விதைகளுக்கு நடுவே ஒரு சிட்டிகை செம்மண். கமலநாதன் குனிந்தார். ஒரு விரலை நீட்டி, தொட்டு, அப்படியே வைத்திருந்தார். அந்த மண்ணைக் கொடுங்கள் என்று இருவரும் கேட்கவில்லை. அட்டையில் ஏறியதை வெளியே கொடுப்பதில்லை என்பது வீரம்மாவுக்குத் தெரியும். அவரிடம் அவள் அதை வழியிலேயே சொல்லியிருந்தாள்.

ஷாமினி உறையை மடித்தாள். அட்டை அலமாரிக்குள் போனது. இரும்புக் கதவு மூடியது.

வெளியே வந்ததும் கமலநாதன் பஸ் நிறுத்தத்துக்குப் போகவில்லை. கட்டடத்துப் பக்கவாட்டில், பூஞ்செடிகளுக்குத் தண்ணீர் விடுகிற குழாய் ஒன்று இருந்தது. அங்கே போய்ச் செருப்பைக் கழற்றினார். குழாயைத் திறந்து கால் கழுவினார், கை கழுவினார், பிறகு குனிந்து தலையைக் குழாயடியில் கொடுத்தார். சட்டையெல்லாம் நனைந்தது. காவலுக்கு இருந்த ஜாகா, அங்கிள், அது குளிக்கிற இடம் இல்லை என்று மலாயில் சொல்லிக்கொண்டே வந்தான். அவர் காதில் விழவில்லை.

அவர் நிமிர்ந்து தள்ளி நின்றதும், வீரம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்த் தலையை நீட்டினாள். அவர் குழாயை மூடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.